உடற்பயிற்சி, உணவு, வளர்சிதை மாற்ற ஆய்வுக்கூடத்துக்குள் என்னதான் இருக்கிறது?

கேள்வி இது: "எங்கள் பல்கலைக்கழகத்தில் 'உடற்பயிற்சி, ஊட்டச்சத்து, வளர்சிதை மாற்ற ஆய்வுக்கூடம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. எட்டிப் பார்த்தால் டிரெட்மில்லும் சைக்கிளும்தான் நிற்கின்றன. இதற்கும் ஒரு நல்ல ஜிம்முக்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேரவோ தன்னார்வலராகப் போகவோ நினைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?"

முதலில் அந்த டிரெட்மில்லை மறந்துவிடுங்கள். வாசலில் இருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது அதுதான், ஆனால் கூடத்தின் உயிர் அதில் இல்லை. ஒருவர் ஓடும்போது எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார் என்று அளப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. அளக்கும் அந்த நேரத்தில் அவர் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் கஷ்டம். நேற்றிரவு என்ன சாப்பிட்டார், காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தாரா, காபி குடித்தாரா, தூங்கினாரா என்பதெல்லாம் முடிவை மாற்றும். இப்படி ஒரு கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே இருக்கும் வசதிகளில் பாதி இந்த ஒரு தொல்லையைச் சமாளிக்கத்தான் இருக்கிறது.

ஆகவே நான் சுற்றிக் காட்டுவதாக இருந்தால் ஒரு கட்டிலில் இருந்து தொடங்குவேன். அரை வெளிச்சமான, சத்தமில்லாத சின்ன அறை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் வந்தவர் அதில் மல்லாந்து படுத்திருப்பார். தலையை மூடி, கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் கூண்டு ஒன்று. ஒரு பக்கம் அறைக் காற்று உள்ளே போகும், மறு பக்கம் ஒரு பம்ப் அதை உறிஞ்சி அளவிடும் கருவிக்கு அனுப்பும். அரை மணி நேரம் இப்படி. முதல் சில நிமிடங்களின் எண்களைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள், ஆள் இன்னும் அடங்கியிருக்க மாட்டார் என்பதால். தூங்கவும் விடமாட்டார்கள், தூங்கினால் அளவு இறங்கிவிடும்.

படுத்திருப்பவர் நிமிடத்துக்கு 0.25 லிட்டர் ஆக்சிஜன் எடுத்து, 0.20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்று வையுங்கள். 1949-ல் வியர் என்பவர் கொடுத்த சூத்திரப்படி முதல் எண்ணை 3.941-ஆலும் இரண்டாவதை 1.106-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நிமிடத்துக்கு 1.2 கலோரி வரும் (உணவுப் பொட்டலத்தில் போடும் அதே கிலோகலோரி). ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,740. சும்மா படுத்திருப்பதற்கே இவ்வளவு. இரண்டு வாயுக்களின் விகிதம் இன்னொரு சங்கதியையும் சொல்லும். மாவுச்சத்து மட்டும் எரிந்தால் விகிதம் 1.0, கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7. நம் ஆளுக்கு 0.8 வருகிறது, அதாவது கொழுப்புதான் அதிகம் எரிகிறது. அவர் வருகிற வழியில் ஒரு இனிப்பு பானம் குடித்திருந்தால் இந்த எண் மேலே ஏறிவிடும், நமக்குக் காரணமும் தெரியாது.

இந்த யோசனை பழையது. 1789, 1790 வாக்கில் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியர், தன் உதவியாளர் செகான் முகத்தில் முகமூடியை மாட்டி, சும்மா இருக்கும்போதும் காலால் மிதித்து வேலை செய்யும்போதும் சாப்பிட்ட பிறகும் ஆக்சிஜன் செலவு எப்படிக் கூடுகிறது என்று அளந்தார். லவாய்சியரின் மனைவி மரி ஆன் அந்தக் காட்சியைப் படமாக வரைந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மேசை போட்டுக் குறிப்பெடுப்பவர் அவரேதான். குறிப்பெடுக்க ஒரு ஆள் தனியாக உட்கார வேண்டும் என்ற விதி இன்றும் மாறவில்லை.

இனி ஜிம்மில் கிடைக்காத விஷயத்துக்கு வருகிறேன்: காலிபரேஷன், அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 17. ஆக, நாம் அளக்க நினைப்பது வெறும் 4 சதவீத வித்தியாசத்தை. கருவி 0.1 மட்டும் பிசகினால்கூட முடிவு 2.5 சதவீதம் தப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு, கலவை துல்லியமாகத் தெரிந்த வாயுவை சிலிண்டரில் இருந்து விட்டுப் பார்ப்பார்கள். 3 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிரிஞ்சை வேகமாகவும் மெதுவாகவும் தள்ளி, காற்றின் அளவைக் காட்டும் மானி சரியா என்று பார்ப்பார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் டிரெட்மில் திரையில் தெரியும் வேகத்தையே நம்பமாட்டார். பெல்ட்டில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, ஆளை ஓடவிட்டபடியே எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணச் சொல்வார். எண்ணிப் பார்த்தபோது திரை சொன்னது தப்பாக இருந்த நாட்களும் உண்டு.

மூச்சைப் பிடிக்க இன்னொரு கருவி, டக்ளஸ் பை. 1911-ல் வந்தது. காற்றுப் புகாத பெரிய பை, ஒரு குழாய், ஒரு வால்வு, அவ்வளவுதான். ஆள் விடும் மூச்சை முழுவதும் பையில் பிடித்து, அதன் கொள்ளளவையும் கலவையையும் பிறகு அளப்பார்கள். ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் விலை உயர்ந்த இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அவற்றின் மேல் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தப் பையோடுதான். ஒரு கூடத்தின் சுவரில் டக்ளஸ் பைகள் தொங்கினால் எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை கூடும். அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் கூடாது, அது வேறு விஷயம்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். உச்ச ஆக்சிஜன் அளவு, கூடத்தில் பேசும்போது விஓ2 மேக்ஸ். 1920-களில் ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் ஏ.வி. ஹில்லும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கருத்து இது: வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆக்சிஜன் எடுப்பும் கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடினாலும் அது கூடாது. அந்த மேட்டு நிலத்தைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை. சாதாரணமாக இருக்கும் ஓர் இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் அளவில் வரும், உச்சியில் இருக்கும் நெடுந்தூர வீரர்களுக்கு 80-ஐத் தாண்டும். கடைசி நிமிடங்களில் வாயு விகிதம் 1.1-க்கும் மேலே போவதைப் பார்த்துப் புது மாணவர்கள் திகைப்பார்கள், மாவுச்சத்து மட்டும் எரிந்தாலே 1.0 தானே என்று. தசையில் இருந்து வரும் அமிலத்தை ரத்தத்தின் பைகார்பனேட் சமன் செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, அதுதான் காரணம். எரிபொருள் கணக்குக்கு அந்த நேரத்து எண்களைப் பயன்படுத்தக் கூடாது.

சைக்கிளா டிரெட்மில்லா என்பது ரசனை சார்ந்த தேர்வு இல்லை. சைக்கிள் பழக்கம் இல்லாதவருக்கு அதில் வரும் உச்ச அளவு டிரெட்மில்லில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், தொடை முதலில் தளர்ந்துவிடும். ஆனால் சைக்கிளில் கை அசையாது, அதனால் ரத்தம் எடுப்பது சுலபம். செய்த வேலையும் வாட் கணக்கில் நேராகக் கிடைக்கும். காந்தத்தால் பிரேக் போடும் சைக்கிளில் நீங்கள் மெதுவாக மிதித்தால் அது தானே கடினமாகி, அதே வாட்டில் பிடித்து வைக்கும்.

மூச்சை அளப்பதில் ஆகப் பெரிய ஏற்பாடு, ஆள் குடியிருக்கும் அறையையே கருவியாக்குவது. கட்டில், மேசை, கழிப்பறை, ஒரு சைக்கிள், சாப்பாடு கொடுக்க இரட்டைக் கதவுள்ள சின்ன ஜன்னல் எல்லாம் இருக்கும், காற்றுக் கசிவு மட்டும் இருக்காது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1890-களில் அட்வாட்டரும் ரோசாவும் கட்டியது இந்த வகையின் புகழ்பெற்ற மூதாதை. ஆட்கள் நாள் கணக்கில் அதற்குள் இருந்தார்கள். உடலில் இருந்து வெளிவந்த வெப்பமும், உணவையும் மூச்சையும் வைத்துப் போட்ட கணக்கும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று இன்றும் பொட்டலங்களில் போடுகிறோமே, அது அட்வாட்டர் வழி வந்த கணக்குதான்.

இன்றைய அறைகளில் வெப்பத்தை அளப்பது அரிது, காற்றைத்தான் அளக்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை அறை வழியாக இழுத்தால், உள்ளே தூங்குபவர் அதில் குறைக்கும் ஆக்சிஜன் 0.4 சதவீதம்தான். முன்னே சொன்ன 4 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.1 பிசகினால் இங்கே கால் பங்கு போச்சு. ஆகவே கருவி 0.01 அளவுக்குள் நிற்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு அழகான வழி உண்டு. அறைக்குள் யாரையும் விடாமல், எடை பார்த்த ஆல்கஹாலை ஒரு விளக்கில் எரிப்பார்கள். எத்தனை கிராம் எரிந்தால் எவ்வளவு ஆக்சிஜன் போகும் என்பது வேதியியல் பாடம், விகிதமும் 0.67 என்று வந்தாக வேண்டும். அறை அதே எண்ணைச் சொன்னால் மறுநாள் மனிதரை உள்ளே அனுப்பலாம்.

இனி சமையலறை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இதைக் கடந்து போய்விடுவார்கள், நான் நிறுத்திவைத்துக் காட்டுவேன். உணவைப் பற்றி ஆராயும் கூடத்தில் சமையலறை இல்லை என்றால், தன்னார்வலர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. நம்பினால் என்ன ஆகும்? 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரைத் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நம் எல்லோருக்கும் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துச் சமைக்கிறார்கள். தட்டில் மிஞ்சியதைத் திரும்ப நிறுக்கிறார்கள். சில சமயம் இரண்டு தட்டு சமைத்து, ஒன்றை ஆளுக்குக் கொடுத்து இன்னொன்றை அரைத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். இந்த அக்கறையின் பலனுக்கு ஓர் உதாரணம் 2019-ல் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வு. அது பல்கலைக்கழகத்தில் நடந்ததில்லை, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில். 20 பேர் நான்கு வாரம் அங்கேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வீட்டுக்கு அனுப்பி டைரி எழுதச் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ரத்த மாதிரிகளுக்கு வருகிறேன். ஊசி குத்துவது சின்ன வேலை, குத்தின பிறகுதான் அவசரம். ரத்தம் குழாயில் நின்றாலும் சிவப்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் அதற்குத் தனியாக ஃப்ளூரைடு போட்ட குழாய், ஹார்மோன்களுக்கு வேறு குழாய், பக்கத்திலேயே ரத்தத்தை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜ், அதற்கும் பக்கத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். அந்த ஃப்ரீசருக்கு அலாரமும் மாற்று மின்சாரமும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வார இறுதியில் யாரோ பிளக்கைப் பிடுங்கி வேறு எதையோ செருகிவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது இரண்டு வருட வேலை தண்ணீராக நின்றது. கருவிகளுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அலாரத்துக்கு ஒதுக்க மறந்துவிடுகிறார்கள்.

தசையைப் பார்க்க வேண்டுமென்றால் பயாப்ஸி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை சென்டிமீட்டர் கீறி, பென்சில் தடிமனுள்ள ஓர் ஊசியால் நூறு, இருநூறு மில்லிகிராம் எடுப்பார்கள். எடுத்த நொடியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். இந்த ஊசியை உடற்பயிற்சி ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், 1960-களில். 1966-ல் அவரும் ஹல்ட்மனும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், சக்தி தீரும் வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. உழைத்த காலில் கிளைகோஜன் (தசை சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சேமிப்பு பழைய அளவைத் தாண்டி ஏறியது, சும்மா இருந்த காலில் பெரிதாக மாறவே இல்லை. சாப்பாடு ஒன்று, ரத்தம் ஒன்று, ஹார்மோன்கள் ஒன்று. மாறியது அந்தத் தசை உழைத்ததா இல்லையா என்பது மட்டும். ஒப்பிட வேறொரு மனிதரைத் தேடாமல் தன் இன்னொரு காலையே ஒப்பீடாக வைத்துக்கொண்டதில் இருக்கிறது அதன் சாமர்த்தியம்.

இன்சுலின் கிளாம்ப் என்று ஒரு சோதனை உண்டு. டிஃப்ரோன்சோவும் சகாக்களும் 1979-ல் விரிவாக எழுதிவைத்தது. ஒரு கையில் இன்சுலினை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே, ரத்தச் சர்க்கரை இறங்காமல் 90 மில்லிகிராம் அளவில் நிற்கும்படி குளுக்கோஸையும் கூட்டிக் குறைத்து ஏற்றுவார்கள். இன்னொரு கை சூடான பெட்டிக்குள் இருக்கும், தமனி ரத்தத்துக்கு நெருக்கமான மாதிரி கிடைப்பதற்காக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம், அளவு, கணக்கு, பம்பைத் திருப்புதல், இப்படி இரண்டு மணி நேரம். எவ்வளவு குளுக்கோஸ் ஊற்ற வேண்டியிருந்ததோ அதுவே அவர் உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதன் அளவு. இதை ஒருவராகச் செய்ய முடியாது, பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர் வேண்டும், மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கூடத்துக்கு வெளியே ஆள் எவ்வளவு செலவழிக்கிறார் என்று தெரிய, கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் உள்ள தண்ணீரை ஒரு குவளை குடிக்கக் கொடுப்பார்கள். கதிரியக்கம் கிடையாது. ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும், ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டின் வேகத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றிரண்டு வாரத்துச் செலவைச் சொல்லிவிடும். ஆள் சிறுநீர் மாதிரி கொடுத்தால் போதும், மற்றபடி தன் வாழ்க்கையை வாழலாம். மாதிரியை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் விலை, பல கூடங்கள் அதை வைத்திருக்கும் இன்னொரு கூடத்துக்கு அனுப்பிவிடும்.

உடல் கொழுப்பைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் வைத்திருப்பார்கள். இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்கள், மிகக் குறைந்த அளவில். அது சொல்லும் 'கொழுப்பில்லாத எடை' முழுவதும் தசை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதையும் ஸ்கேன் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டால் தசை 'வளர்ந்துவிடும்'.

வெப்பம், ஈரப்பதம், உயரம் இவற்றை உண்டாக்கும் அறைகளும் இருக்கும். ஆக்சிஜனை 15 சதவீதத்துக்குக் குறைத்தால் சுமார் 2,700 மீட்டர் மலை உயரம் போல. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அந்தக் கேள்விகளைக் கேட்காத கூடத்துக்கு அது தேவையில்லை. கட்டடத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடம் 1927 முதல் 1947 வரை வணிகப் பள்ளியின் நிலவறையில் இயங்கியது. உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1944, 45-ல் 36 பேரைப் பாதிப் பட்டினி போட்டு நடத்திய ஆய்வு மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் இருக்கைகளுக்கு அடியில் நடந்தது.

சேர நினைப்பவர் போய்ப் பார்க்கும்போது கருவியின் பெயரையும் மாடலையும் கேட்காதீர்கள், காலிபரேஷன் நோட்டைக் கேளுங்கள். போன மாதப் பக்கங்கள் நிரம்பியிருக்கிறதா, தப்பு வந்த நாளில் தப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தர டெக்னீஷியன் இருக்கிறாரா என்று கேளுங்கள். மாணவர்கள் மூன்று, நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், கருவியின் குணம் தெரிந்தவர் அவர்தான். நீங்கள் கேட்க விரும்பும் கேள்விக்கு எந்த அறை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தக் கொழுப்பு உங்கள் விஷயம் என்றால் உயர அறையால் உங்களுக்கு என்ன லாபம்?

தன்னார்வலராகப் போகிறவருக்கு: நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். என்ன செய்வார்கள், எவ்வளவு ரத்தம், என்ன ஆபத்து என்று எழுத்தில் கொடுத்து, படிக்க நேரமும் கொடுக்க வேண்டும். எந்த நிமிடத்திலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம். இதயம் பற்றிய கேள்வித்தாள் தருவார்கள், அதில் மறைக்காமல் எழுதுங்கள். உச்ச சோதனை நடக்கும் அறையில் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அங்கிருப்பவர் யோசிக்காமல் கை காட்ட வேண்டும்.

அப்புறம், சோதனைக்கு முந்தைய நாள் உடற்பயிற்சி வேண்டாம், இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். மறந்துபோய் காலையில் ஒரு பிஸ்கட் தின்றுவிட்டால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வேறொரு தேதி கொடுப்பார்கள். சொல்லாமல் அந்தக் கட்டிலில் படுத்தால், கூண்டுக்குள் இருந்து வரும் விகிதம் 0.8-க்குப் பதில் 0.9 என்று காட்டும், வெளியே இருப்பவர் பாவம், பாதி நாள் கருவியைக் கழற்றிக்கொண்டிருப்பார்.